வீட்ல தமிழ் பேசாதீங்கன்னு சொல்றவங்க கவனத்துக்கு

மான்குர்ட்லேர்ந்து டிராம்பே ஜெட்டி வரைக்கும் இருக்கற எந்தத் தமிழ்க் குடும்பத்தை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வீட்ல ரெண்டு, ரெண்டரை வயசுல குழந்தை இருந்தா, யாராவது ஒருத்தர் இந்த அறிவுரையைச் சொல்லியிருப்பாங்க. "குழந்தை கன்ஃப்யூஸ் ஆகுது. ஸ்கூல்ல இங்கிலீஷ், வெளில ஹிந்தி, வீட்ல தமிழ்னா எப்படிப் பேச்சு வரும்? கொஞ்ச நாளைக்கு வீட்ல தமிழை நிறுத்திடுங்க." சொல்றது பிளே ஸ்கூல் டீச்சரா இருக்கலாம், மாடி வீட்டு ஆன்ட்டியா இருக்கலாம். சில சமயம் டாக்டரே சொல்றார். அம்மாவும் அப்பாவும் அன்னிக்கு ராத்திரியே கட்சி மாறிடறாங்க. "சாப்பிடு கண்ணா" போய் "ஈட், ஈட், குட் பாய்" வந்துடுது.

அந்தக் கொஞ்ச நாள் முடியறதே இல்லை. நான் பார்த்த வரைக்கும், நிறுத்தின வீட்ல தமிழ் திரும்ப வந்ததே கிடையாது.

இந்த அறிவுரை தப்பு. "எனக்கு அப்படித் தோணுது" ரகத் தப்பு இல்லைங்க. மனுஷன் எப்படி வளர்றான்னு ஆராய்ச்சி பண்றவங்க அறுபது வருஷத்துக்கு முன்னாடியே தப்புன்னு காட்டின விஷயம். நான் பி.காம். படிச்சவன், பேங்க்ல வேலை, மனோதத்துவ நிபுணர் எல்லாம் இல்லை. ஆனா யாராவது பழைய கணக்கைக் காட்டிப் புது வட்டி கேட்டா, லெட்ஜரைத் திறந்து பாக்கணும்னு தோணும். அப்படித் திறந்து பாத்ததைத்தான் இங்க எழுதறேன்.

இந்தக் கன்ஃப்யூஷன் கதை எங்கேர்ந்து வந்தது? 1923-ல டி.ஜே. சேர்ங்கறவர் வேல்ஸ் நாட்ல ஆயிரத்துச் சொச்சம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களைப் பரிசோதிச்சார். கிராமத்துல வெல்ஷும் ஆங்கிலமும் பேசற பிள்ளைங்க, ஆங்கிலம் மட்டும் பேசற பிள்ளைங்களைவிடப் புத்திக்கூர்மைத் தேர்வுல மார்க் கம்மி வாங்கினாங்க. ரெண்டு மொழி மனசைக் குழப்புதுன்னு முடிவு கட்டிட்டார். ஆனா அவரோட கணக்குலயே நகரத்துப் பிள்ளைங்ககிட்ட இந்த வித்தியாசம் தெரியலை. அப்போ கோளாறு மொழியிலயா, இல்லை கிராமத்து வறுமையிலயும் பள்ளிக்கூடத்துலயுமா? இந்தக் கேள்வியை அன்னிக்குப் பெரும்பாலும் யாரும் கேட்கலை. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி அமெரிக்காவுல ஹென்றி காடர்ட் இன்னும் ஒரு படி மேல போயிருந்தார். எல்லிஸ் தீவுல கப்பலை விட்டு அப்பத்தான் இறங்கின, ஆங்கிலம் தெரியாத ஏழை ஜனங்களை மொழிபெயர்ப்பாளர் வெச்சு சோதிச்சு, அதுல பெரும்பாலானவங்களை மந்தபுத்தின்னு எழுதினார். பல நாள் கப்பல்ல வந்தவன், எதிர்ல நிக்கற அதிகாரியைப் பாத்து நடுங்கறவன், புரியாத கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா அவன் மூளை மட்டம். நம்ம வீட்டு வரவேற்பறைல இன்னிக்கு உட்கார்ந்திருக்கற அறிவுரைக்குத் தாத்தா, கொள்ளுத்தாத்தா இவங்கதான். புலம்பெயர்ந்தவனைத் தட்டி வைக்கப் பிறந்த அறிவுரை அது.

1962-ல மான்ட்ரியல்ல எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட்னு ரெண்டு பேர் ஒழுங்காக் கணக்கு போட்டாங்க. பத்து வயசுப் பிள்ளைங்க. குடும்ப வசதி ஒரே மாதிரி இருக்கணும்னு பாத்து எடுத்தாங்க. ரெண்டு மொழிப் பிள்ளைங்க பின்தங்கியிருப்பாங்கன்னுதான் எதிர்பார்த்தாங்க. வந்தது தலைகீழ். பிரெஞ்சும் ஆங்கிலமும் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைங்கதான் முன்னாடி நின்னாங்க. அந்த ஆய்வுலயும் குறை உண்டு, ரெண்டு மொழியும் நல்லா வர்ற பிள்ளைங்களை மட்டும் எடுத்துக்கிட்டாங்கன்னு பின்னாடி வந்தவங்க சொன்னாங்க. நியாயமான விமர்சனம்தான். ஆனா அதுக்கப்புறம் குழப்பம்ங்கற கட்சிக்கு எழுந்து நிக்க ஆதாரம் கிடைக்கலை.

"அதெல்லாம் கனடா, நம்ம ஊருக்குப் பொருந்தாது"ன்னு சொல்றவங்களுக்கு ஒடிசா. அஜித் மொஹந்திங்கற மனோதத்துவப் பேராசிரியர் புல்பானி பகுதியில கோண்ட் பழங்குடிப் பிள்ளைங்களை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சார். அங்க ஒரு வசதி இருந்தது. ஒரே ஜனம், ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனா சில ஊர்கள்ல குயி மொழி அழிஞ்சு போய் ஒடியா மட்டும் பேசறாங்க, சில ஊர்கள்ல குயியும் இருக்கு, ஒடியாவும் இருக்கு. அதாவது வசதி, சாதி, ஸ்கூல்னு வேற காரணம் சொல்லித் தப்பிக்க முடியாத ஒப்பீடு. தாய்மொழியைக் கூட வெச்சுக்கிட்ட ஊர்ப் பிள்ளைங்கதான் மொழியைப் பத்தி யோசிக்கற திறமையிலயும் மத்த சோதனைகள்லயும் மேல வந்தாங்க. 1994-ல இதைப் புத்தகமாவே போட்டார். நம்ம பிளே ஸ்கூல் சுவத்துல ஒட்டியிருக்கற சார்ட்ல இது வர்றதில்லை. அங்க ஆப்பிள் படம்தான்.

இப்போ கணக்குக்கு வர்றேன், இது என் ஏரியா :-)

ரெண்டு வயசுக் குழந்தைக்குத் தமிழ்ல 30 வார்த்தை தெரியுது, ஹிந்தியில 15, இங்கிலீஷ்ல 15ன்னு வெச்சுக்கோங்க. டீச்சர் இங்கிலீஷை மட்டும் எண்ணிட்டு "பதினஞ்சுதான், ரொம்ப லேட்"ங்கறார். ஒருத்தருக்கு மூணு பிராஞ்ச்ல கணக்கு இருக்கு. ஒரு பிராஞ்ச் பாஸ்புக்கை மட்டும் பாத்துட்டு "இவர்ட்ட பணமே இல்லை, லோன் கிடையாது"ன்னு ஒரு ஆபீசர் சொன்னா அவரை என்ன பண்ணுவீங்க? மூணையும் கூட்டணும். சில வார்த்தை ரெண்டு கணக்குலயும் இருக்கும். தண்ணியும் பானியும் ஒண்ணுதான், அதை ஒரு தடவை மட்டும் எண்ணலாம், தப்பில்லை. அப்படி எண்ணினாலும் பல மொழிக் குழந்தை கிட்டத்தட்ட மத்த குழந்தைங்க அளவுக்கே நிக்கும்னு பேச்சு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பிரான்சுவா க்ரோஜான்ங்கற மொழியியலாளர் 1989-லயே இதை வேற விதமாச் சொன்னார். ரெண்டு மொழி பேசறவன்னா ரெண்டு ஒருமொழிக்காரன் ஒரே உடம்புக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம் இல்லை, அவன் வேற மாதிரியான முழு ஆள். முழு ஆளைப் பாதி ஆளுக்கான அளவுகோல்ல அளந்தா குறையாத்தான் தெரியும்.

அப்புறம் இந்தக் கலந்து பேசறது. "மம்மி, பானி குடு" அப்படிங்குது குழந்தை. பாருங்க, கன்ஃப்யூஷன்! அட, அப்படிப் பாத்தா பேங்க்ல நான் பேசறது மொத்தமும் கன்ஃப்யூஷன்தான். "அவரோட அக்கவுன்ட்ல லியன் மார்க் பண்ணிட்டீங்களா"ன்னு கேட்கறவன் குழம்பிப் போய்க் கேட்கலை, கையில கிடைச்ச வார்த்தையை எடுத்துப் பேசறான். குழந்தையும் அப்படித்தான். ஃப்ரெட் ஜெனஸீ மாதிரியான ஆட்கள் பதிவு பண்ணிப் பாத்ததுல, ரெண்டு வயசுக் குழந்தையே யார் எந்த மொழின்னு பிரிச்சு வெச்சிருக்குது. ஆச்சிகிட்ட ஒண்ணு, வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு. கன்ஃப்யூஸ் ஆகறது நாமதான்.

உண்மையில குழந்தைக்கு மொழி எப்ப ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா, ரெண்டரை வயசுல வந்து "நிறுத்துங்க"ங்கறது எவ்வளவு அபத்தம்னு புரியும். பிறந்து ரெண்டே நாள் ஆன குழந்தை தன் அம்மாவோட மொழியை வேற மொழியிலேர்ந்து பிரிச்சு அறியுதுன்னு 1993-லயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்டுட்டு வருது. 1984-ல வான்கூவர்ல ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஒரு வேடிக்கையான சோதனை செஞ்சாங்க. நம்ம தகரம், டகரம் இருக்கு பாருங்க, ஹிந்தியில இருக்கற அந்த வித்தியாசத்தை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைங்க காதுல போட்டாங்க. ஆறு, எட்டு மாசக் குழந்தை கண்டுபிடிச்சிடுது. அவங்க அப்பா அம்மாவாலதான் முடியலை. அதே குழந்தைங்க பத்து, பன்னிரண்டு மாசம் ஆகும்போது அந்தக் காது பெரும்பாலும் மங்கிடுது. ஏன்னா வீட்ல அந்தச் சத்தமே இல்லை. கேட்காத சத்தத்தை மூளை கணக்குலேர்ந்து தள்ளிடுது. ரைட் ஆஃப்.

தகர டகரத்தை ஹிந்தியும் மராத்தியும் காப்பாத்திடும். ல, ள, ழ மூணையும் சேர்த்து யார் காப்பாத்துவாங்க? வெளியில எட்டு மணி நேரம் ஹிந்தியும் இங்கிலீஷும் கேட்கற குழந்தைக்குத் தமிழ் கிடைக்கற ஒரே இடம் நம்ம வீட்டுக் கூடம். கதவு ஒரேயடியா மூடிடும்னு பயமுறுத்த மாட்டேன். முதல் அஞ்சு வருஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு பயமுறுத்தி ஃபீஸ் வாங்கற கூட்டம் வேற இருக்கு, அது தனிக் கதை. பெரியவங்க ஆன பிறகும் மொழி கத்துக்கலாம். என்ன, இன்னிக்குச் சும்மா கிடைக்கறதுக்கு அன்னிக்கு வியர்வை சிந்தணும்.

இன்னொண்ணு இருக்கு, இதுதான் என்னை ரொம்பக் கோபப்படுத்தறது. வீட்ல தமிழை நிறுத்தினா அந்த இடத்துல என்ன வருதுன்னு யாரும் பாக்கறதில்லை.

அணுசக்தி நகர்ல ஒரு விஞ்ஞானி வீடுன்னா, அம்மா அப்பா ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்டை போடக்கூடத் தெரிஞ்சவங்க. தமிழை விட்டா நஷ்டம்தான், ஆனா வீடு ஊமையாகாது. அதே அறிவுரை சீத்தா கேம்ப்ல ஒரு வீட்டுக்குப் போகுது. அந்த அம்மா எட்டாவது வரை தமிழ் மீடியத்துல படிச்சவங்க. தமிழ்ல அவங்க வாய் திறந்தா கதை வரும், திட்டு வரும், விடுகதை வரும், பக்கத்து வீட்டு வம்பு வரும், ஊர்ல கிணத்துல விழுந்த ஆட்டுக்குட்டி வரும். இங்கிலீஷ்ல? "கம். சிட். ஈட். நோ. ஹோம்வொர்க்." நாப்பது வார்த்தை, அதுல முக்கால்வாசி கட்டளை. ஒரு அம்மாவோட மொத்தச் சொத்தையும் முடக்கிட்டு, நாப்பது ரூபாய் சில்லறையைக் கையில கொடுத்து, இதை வெச்சுக் குடும்பம் நடத்துங்கறோம். அப்புறம் குழந்தைக்குப் பேச்சு வளரலைன்னு அவங்களையே குத்தம் சொல்றோம்.

குழந்தை வளர்ச்சி பத்தி எழுதினவங்க பல விஷயத்துல அடிச்சுக்குவாங்க. ஆனா குழந்தைகிட்ட நிறையப் பேசணும், அது சொல்றதுக்குப் பதில் சொல்லணும், சுவத்துகிட்டப் பேசற மாதிரி பேசக்கூடாதுங்கறதுல சண்டை கிடையாது. லெவ் வைகாட்ஸ்கி 1934-ல சாகறதுக்கு முன்னாடி எழுதின புத்தகத்துல ஒரு விஷயம் சொல்றார். நாலு வயசுக் குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்குது இல்லையா, "இதை இங்க வெக்கணும், ஐயையோ விழுந்துடுச்சு"ன்னு? பியாஜே அதைக் குழந்தைத்தனம், வயசானா உதிர்ந்துடும்னு எழுதினார். வைகாட்ஸ்கி இல்லைன்னார். அது உதிர்றதில்லை, உள்ள போகுது, உள்ள போய் யோசனையா மாறுது. அப்படின்னா வீட்ல அம்மா பேசின பேச்சுதான் பின்னாடி குழந்தை மண்டைக்குள்ள ஓடற யோசனைக்கு மூலப்பொருள். நாப்பது வார்த்தைக் கட்டளையை மூலப்பொருளாக் கொடுத்தா என்ன யோசனை வரும்?

"பிள்ளை பிழைக்க வேண்டாமா சார்? பாம்பேல தமிழை வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?" இது அடுத்த கேள்வி. கேட்கறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை, பயத்துல கேட்கறாங்க. ஆனா இந்தக் கேள்வி தமிழா இங்கிலீஷான்னு ஒரு பொய்யான டெண்டரை விடுது. தமிழை நிறுத்தினா இங்கிலீஷ் கூடறதில்லைங்க. தமிழ் குறையுது, அவ்வளவுதான். பீல்கூட ஆய்வு பண்ணின அந்த லாம்பர்ட்டே இதுக்குப் பேர் வெச்சார். கூட்டல் இருமொழி, கழித்தல் இருமொழி. ஒரு மொழி மேல இன்னொண்ணு சேர்றது கூட்டல். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கறது கழித்தல். ஜிம் கம்மின்ஸ்னு கனடாக்காரர் இன்னொரு விஷயம் காட்டினார். புது நாட்டுக்கு வந்த குழந்தை ரெண்டு வருஷத்துல விளையாட்டு மைதானத்து இங்கிலீஷைப் பிடிச்சிடுது. பாடப்புத்தக இங்கிலீஷ், அதாவது காரணம் சொல்றது, ஒப்பிடறது, விளக்கறது, அதுக்கு அஞ்சிலேர்ந்து ஏழு வருஷம் ஆகுது. அந்த இடைவெளியில குழந்தையைத் தாங்கிப் பிடிக்கறது வீட்டு மொழியில ஏற்கெனவே கத்துக்கிட்ட யோசனைதான். ஏன் மழை பெய்யுதுன்னு தமிழ்ல ஒரு தடவை புரிஞ்ச குழந்தைக்கு இங்கிலீஷ்ல வார்த்தையை மட்டும் மாத்தினாப் போதும். எந்த மொழியிலயும் புரியாத குழந்தை மனப்பாடம் பண்ணும். நம்ம பிள்ளைங்க ஏழாவதுல திடீர்னு திணறுதேன்னு கேட்கறோம். திடீர்னு இல்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கையே முடிஞ்ச வரைக்கும் அஞ்சாவது வரை வீட்டு மொழியில சொல்லிக் கொடுங்கன்னு சொல்லுது. மும்பை மாநகராட்சி நடத்தற எட்டு மொழிப் பள்ளிக்கூடங்கள்ல தமிழும் ஒண்ணு. அதுல சேர்த்தே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் மீடியத்துலயே படிக்கட்டும், 2020 சட்டப்படி மராத்தியும் படிக்கட்டும், ஹிந்தியைத் தெரு சொல்லிக் கொடுத்துடும். வீட்டு வாசப்படிக்கு உள்ள என்ன பேசறதுங்கறது மட்டும்தான் என் வழக்கு.

மேடைத் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுல உலகின் மூத்த மொழின்னு முழங்கிட்டு, லிஃப்ட்ல பையனை "ஸ்டாண்ட் ப்ராப்பர்லி"ன்னு அதட்டறவங்க மேலதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். குழந்தைக்கு மொழியோட வயசு தேவையில்லை. தன்கிட்ட அதுல பேசற ஆள்தான் தேவை.

சரி, குழந்தை வளர்ந்துடுச்சு. பதினஞ்சு, பதினாறு வயசு. இங்கதான் எரிக் எரிக்ஸன் வர்றார். மனுஷ வாழ்க்கையை எட்டுப் படியாப் பிரிச்சு 1950-ல எழுதினவர். இளமையில வர்ற "நான் யாரு"ங்கற நெருக்கடிக்குப் பேர் வெச்சவரும் அவர்தான். அது அவருக்குப் புத்தகத்துலேர்ந்து வரலை. 1902-ல ஜெர்மனியில பிறந்தார், அம்மா டென்மார்க் யூதப் பெண், பெத்த அப்பா யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. 1933-ல அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்க குடியுரிமை வாங்கும்போது எரிக்ஸன்ங்கற பேரையே தானா வெச்சுக்கிட்டார். நம்மள மாதிரி ஊர் விட்டு வந்தவர். 1962-ல அகமதாபாத்துக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், 1918 மில் வேலைநிறுத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காந்தியைப் பத்தி 1969-ல ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர் சொல்றது, அந்த வயசுல பிள்ளை தன் பழைய கதையையும் வரப்போற கதையையும் ஒட்ட வைக்கப் பாக்குது. ஒட்டலைன்னா திண்டாடுது.

நம்ம பிள்ளைக்கு ஒட்ட வைக்கப் பழைய கதையில என்ன இருக்கு? இன்ஷியல் மட்டும் தமிழ். ஸ்கூல்ல "மதராஸி". லீவுக்குத் திருநெல்வேலி போனா அங்க "ஹிந்திக்காரப் பய". அத்தை பிள்ளைங்க சிரிக்குதுங்க, இவனுக்கு என்ன ஜோக்குன்னு புரியலை. ரெண்டு பக்கமும் வெளியூர்க்காரன். அமெரிக்காவுல அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாவுட்டும் 1992-லேர்ந்து ஐயாயிரத்துக்கும் மேல குடியேறிகளோட பிள்ளைங்களைத் தொடர்ந்து பாத்தாங்க. வீட்டு மொழியையும் ஆங்கிலத்தையும் நல்லாப் பேசற பிள்ளைங்களுக்கு வீட்ல சண்டை கம்மி, தன்மேல மதிப்பு கூட. வீட்டு மொழியை விட்டவங்க ஆங்கிலத்துல முன்னாடி போய்டலை. 1991-ல லில்லி வாங் ஃபில்மோர் எழுதினது இன்னும் சோகம். குழந்தைங்களைச் சின்ன வயசுலயே ஆங்கிலப் பாலர் பள்ளியில விட்ட குடும்பங்கள்ல, கொஞ்ச வருஷத்துல அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பொதுவா ஒரு மொழியே இல்லாமப் போச்சு. புத்திமதி சொல்ல முடியலை. திட்டக்கூட முடியலை.

அதை நான் அமெரிக்காவுல தேட வேண்டியதில்லை. பென்ஷன் தேதி முடிஞ்ச வாரத்துல எங்க கவுன்ட்டர்ல வந்து நில்லுங்க. ஆச்சி பாஸ்புக்கோட வருவாங்க, துணைக்குப் பேரன். ஆச்சி அவன்கிட்டத் தமிழ்ல "மொத்தம் எம்புட்டு இருக்குன்னு கேட்டுச் சொல்லுல ராசா"ம்பாங்க. அவன் முழிப்பான். எனக்குத் தமிழ் தெரியும்னு ஆச்சிக்குத் தெரியாது, அதனால பேரன் என்னைப் பாத்து ஹிந்தியில "என்னமோ கேட்கறாங்க"ம்பான். நான் தமிழ்ல பதில் சொன்னா ஆச்சி மொகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அப்புறம் நகர மாட்டாங்க, முழங்கால் வலியிலேர்ந்து மருமக வரைக்கும் வரும். பின்னாடி க்யூ கத்தும். இது ஒரு ஆச்சி இல்லை, பல ஆச்சி. ஒரே கூரைக்குக் கீழ இருக்கற பேரன்கிட்ட சொல்ல முடியாததைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆபீசர்கிட்டச் சொல்றாங்க.

எரிக்ஸன் கணக்குல நாற்பதுகள்ல இருக்கற நமக்கு ஒரு படி, அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்கணும்ங்கற படி. எழுபதுல இருக்கற அவங்களுக்கு இன்னொரு படி, வாழ்ந்ததைத் திரும்பிப் பாத்து "சரியாத்தான் இருந்தது"ன்னு நிம்மதி அடையற படி. திரும்பிப் பாக்கறதுன்னா உள்ளுக்குள்ள மட்டும் இல்லைங்க, யார்கிட்டயாவது சொல்லணும். பேரனுக்குப் புரியாத மொழியில எப்படிச் சொல்றது?

இன்னொரு பக்கமும் இருக்கு. ஐதராபாத்துல நிம்ஸ் மருத்துவமனையில சுவர்ணா அல்லாடி குழு, மறதி நோய் வந்த 648 பேரோட விவரத்தை ஆராய்ஞ்சு 2013-ல வெளியிட்டாங்க. ஒரே மொழி பேசறவங்களைவிட, ரெண்டோ அதுக்கு மேலயோ மொழி பேசறவங்களுக்கு நோய் ஆரம்பிச்ச வயசு சராசரியா நாலரை வருஷம் தள்ளிப் போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்டயும் அதே மாதிரி. அதாவது பட்டப்படிப்பு தந்த பலன்னு ஒதுக்க முடியாது. இதை வெச்சு "தமிழ் பேசினா மறதி வராது"ன்னு ஃபார்வர்ட் அனுப்பிடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை மட்டும் பாத்த ஆய்வு இது, வேற இடங்கள்ல இதே முடிவு எல்லாத் தடவையும் வரலை. பல மொழி பேசினா கவனம் கூர்மையாகும்ங்கற பேச்சும் இப்ப முன்ன மாதிரி உறுதியா இல்லை. அதெல்லாம் எனக்குத் தேவையும் இல்லை. லாபம் இருக்கான்னு வாதம் நடக்கட்டும். நஷ்டம்னு சொன்னாங்களே, அந்த நஷ்டத்தைக் காணோம். அது போதும் எனக்கு.

வயசான காலத்துல, அதுவும் மறதி வந்துட்டா, பின்னாடி கத்துக்கிட்ட மொழி முதல்ல நழுவி, சின்ன வயசு மொழி கடைசி வரை தங்கறது பலருக்கு நடக்குது. நாம எல்லாம் ஒரு நாள் ஹிந்தியையும் இங்கிலீஷையும் தொலைச்சுட்டுத் தமிழ்ல தண்ணி கேட்போம். அன்னிக்குப் பக்கத்துல இருக்கற பிள்ளைக்கு "தண்ணி" புரியுமாங்கறது இப்ப அவனுக்கு ரெண்டரை வயசா இருக்கும்போதே நாம முடிவு பண்ற விஷயம்.

சீத்தா கேம்ப் எப்படி வந்ததுன்னு இங்க பலருக்குத் தெரியும். 1976 மே மாசம், எமர்ஜென்சி காலம். அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடிச்சு, ஏறக்குறைய எழுபதாயிரம் பேரை லாரியில ஏத்திச் சதுப்பு நிலத்து ஓரத்துல இறக்கி விட்டாங்க. அதுல தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீடு போச்சு, பொருள் போச்சு, தமிழ் போகலை. அவங்க பேரப்பிள்ளைங்க காலத்துல, புல்டோசர் எதுவும் வராம, ஒரு பிளே ஸ்கூல் வாசல்ல யாரோ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அது போகுது.

எல்லாத் தாமதமும் கற்பனைன்னு நான் சொல்லலை. உண்மையிலேயே பேச்சு தாமதமாகிற குழந்தைங்க இருக்காங்க, அவங்களைக் கவனிக்காம "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு விடறதும் தப்பு. ஒரு வயசை ஒட்டி முதல் வார்த்தை வரணும். ஒண்ணேகால், ஒண்ணரை வயசாகியும் எந்த மொழியிலயும் வார்த்தையே இல்லைன்னாலோ, ரெண்டு வயசுல "அம்மா வா" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னாலோ, கூப்பிட்டா திரும்பலைன்னாலோ, வந்துக்கிட்டிருந்த பேச்சு நின்னு போனாலோ, காத்திருக்காதீங்க. ஆனா மாத்த வேண்டியது மொழியை இல்லை. முதல்ல காதைப் பாருங்க. பாந்த்ரா ரெக்லமேஷன்ல அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-லேர்ந்து இருக்கு, பேச்சுக்கும் செவித்திறனுக்கும்னே மத்திய அரசு வெச்ச இடம். தேவ்னார்ல இருக்கற டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1937-லயே குழந்தைகளுக்கு வழிகாட்டி கிளினிக் ஆரம்பிச்ச நிறுவனம். இந்தியக் குழந்தைங்களுக்குன்னே பரோடாவுல பிரமிளா பாடக் உருவாக்கின வளர்ச்சி அளவுகோல்கூட நம்மகிட்ட உண்டு. வெளிநாட்டு சார்ட்டைப் பாத்துப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

ஆட்டிசம்னு சொல்லப்பட்ட குழந்தைங்களோட பெற்றோர்கிட்டத்தான் இந்த "ஒரே மொழி" அறிவுரை இன்னும் அழுத்தமா வருது. ரெண்டு மொழி வீட்ல வளர்ற ஆட்டிசக் குழந்தைங்க, ஒரே மொழி வீட்டு ஆட்டிசக் குழந்தைங்களைவிடப் பேச்சுல பின்தங்கலைன்னு பல ஆய்வு வந்தாச்சு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களை 2005-ல கனடாவுல பாத்தப்பவும் அதேதான். பேசறதுக்கே கஷ்டப்படற குழந்தைகிட்டேர்ந்து அம்மாவோட இயல்பான பேச்சையும் பிடுங்கறது எந்த வைத்தியம்னு எனக்குப் புரியலை.

அடுத்த தடவை யாராவது சொன்னா, சண்டை போட வேண்டாம். மூணு கேள்வி கேளுங்க. குழந்தைக்குத் தெரிஞ்ச வார்த்தையை எல்லா மொழியிலயும் சேர்த்து எண்ணினீங்களா? காது பரிசோதனை பண்ணச் சொன்னீங்களா? தமிழை நிறுத்தினா பேச்சு சீக்கிரம் வரும்னு எந்த ஆய்வு சொல்லுது? முதல் கேள்விக்கு வீட்லயே ஒரு நோட்டுப் போட்டு இன்னிக்கு ராத்திரி எழுத ஆரம்பிச்சிடுங்க. "ம்மா", "தத்தா", "பானி", "கார்", "காக்கா" எல்லாம் எழுதுங்க. மழலையா சொன்னாலும் ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி சொன்னா அது வார்த்தைதான். டாக்டர்கிட்டப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.